கண்ணாடி வைத்துவிட்டால் மரத்துக்குப் பின்பக்கம் கிடையாது

ஸ்க்ரோல் சா பழகத் தொடங்கிய எல்லாரும் கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். மயிலோ பிள்ளையாரோ சிக்குக் கோலமோ, அழகாக அறுத்தாயிற்று, பலகை முழுக்க ஜன்னல் ஜன்னலாகத் திறந்திருக்கிறது, இதற்குப் பின்னால் என்ன வைப்பது? கறுப்பு அட்டை வைக்கலாம், வெல்வெட் துணி ஒட்டலாம், வேறு நிற மரம் வைக்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடியும் வைக்கலாம். இங்கே நான் கண்ணாடியைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் மற்றவற்றை ஒட்டினோமா முடிந்ததா என்று போய்விடலாம். கண்ணாடி விஷயத்தில் அது நடக்காது, முதல் வெட்டு போடுவதற்கு முன்பே அதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

இந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு. ஸ்க்ரோல் சா என்பது நூல் மாதிரி மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓடும் மேசை ரம்பம். பலகையின் நடுவில் சின்னத் துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி அந்தத் துளைக்குள் விட்டு, மறுபடி மாட்டி இழுத்து முறுக்கினால், வெளி ஓரத்தைத் தொடாமலே உள்ளே இருக்கும் பகுதியை மட்டும் அறுத்து எடுக்கலாம். அப்படி அறுத்தெடுத்த இடங்களில்தான் கண்ணாடி தெரியப்போகிறது.

சரி, கண்ணாடிக்கு அப்படி என்ன தனிக்குணம்? கறுப்பு அட்டைக்குக் கறுப்பு என்று ஒரு நிறம் இருக்கிறது. கண்ணாடிக்கு நிறம் கிடையாது. எதிரே என்ன இருக்கிறதோ அதுதான் அதன் நிறம். அதனால் கண்ணாடி வைத்த மர வேலையைப் பார்க்கும்போது, மரத்தைத் தவிர இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன: ஒன்று எதிரே இருக்கும் அறை, இன்னொன்று மரத்தின் முதுகு. அறை தெரியும் என்பதை எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். முதுகு தெரியும் என்பதைத்தான் பலரும் எல்லாம் ஒட்டி முடித்தபின் பார்க்கிறார்கள்.

முதுகு ஏன் தெரிகிறது? வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கண்ணாடியில் விரல் நகத்தை நேராகக் குத்தி வைத்துப் பாருங்கள். உங்கள் நகமும் அதன் பிம்பமும் ஒன்றையொன்று தொடாது, நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். ரசம் பூசப்பட்டிருப்பது கண்ணாடியின் பின்பக்கத்தில், நகம் நிற்பது முன்பக்கத்தில், அதுதான் காரணம். 3 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால், ஒளி கண்ணாடிக்குள் வளைவதையும் கணக்கில் எடுத்தால், அந்த இடைவெளி கண்ணுக்குக் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டராகத் தெரியும். இப்போது நகத்துக்குப் பதில் உங்கள் மரப் பலகையை வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பார்த்தால், திறப்பின் ஓரத்தை ஒட்டி, கண்ணாடிக்குள் மரத்தின் பின்பக்கம் ஒரு கோடாகத் தெரியும், அதற்கும் உள்ளே வெட்டின சுவரின் பிம்பம் இன்னொரு முறை தெரியும். 6 மில்லிமீட்டர் பலகை அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தடிமனானது போலத் தோன்றுவது இதனால்தான். இந்த ஆழம்தான் கண்ணாடி வேலையின் அழகே, வேறு எந்தப் பின்னணியும் இதைத் தராது. ஆனால் அந்த ஆழத்துக்குள் பென்சில் கோடு, பசைக் கறை, பிசிர், வார்னிஷ் படாத வெள்ளை மரம் என்று எது இருந்தாலும் அதுவும் சேர்ந்து தெரியும்.

ஆகவே முதல் விதி, எனக்கு மிக முக்கியமான விதியும் இதுதான்: முன்பக்கத்துக்கு என்னவெல்லாம் செய்கிறீர்களோ அதையெல்லாம் பின்பக்கத்துக்கும் செய்யுங்கள். ஸ்க்ரோல் சாவில் பிளேடின் பற்கள் கீழ்நோக்கி வெட்டுவதால் பிசிர் முழுவதும் பலகையின் அடிப்பக்கத்தில்தான் வரும், அதாவது கண்ணாடியைப் பார்த்து உட்காரப்போகும் பக்கத்தில். இதைக் குறைக்க இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று, ரிவர்ஸ் பல் உள்ள பிளேடு வாங்குவது. அதில் கீழே இருக்கும் சில பற்கள் மட்டும் மேல்நோக்கித் திரும்பியிருக்கும், பிளேடு மேலே வரும்போது அவை அடிப்பக்க நார்களைச் சுத்தமாக அறுத்துவிடும். இன்னொன்று, மேசையின் பெரிய ஓட்டையை மூடுகிற மாதிரி ஒரு மெல்லிய பிளைவுட் துண்டை ஒட்டி, பிளேடு போகும் அளவுக்கு மட்டும் துளை விடுவது. மரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும், நார் பிய்ந்து தொங்காது. இரண்டையும் சேர்த்தே செய்யலாம். அப்புறம் 220 எண் உப்புத்தாளால் பின்பக்கத்தை ஒரு தடவை தேய்த்து, ஒவ்வொரு திறப்புக்குள்ளும் மடித்த உப்புத்தாளையோ சின்ன அரத்தையோ விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான், தவிர்க்க வழியில்லை.

நிறமும் அப்படித்தான். பின்பக்கத்துக்கும் உள் சுவர்களுக்கும் முன்பக்க நிறத்தையே கொடுத்தால் மரம் கனமாக, செதுக்கியது போலத் தெரியும். பின்பக்கத்துக்கு மட்டும் மேட் கறுப்பு கொடுத்தால் ஒவ்வொரு திறப்பைச் சுற்றியும் ஒரு நிழல் கோடு விழுந்தது போல இருக்கும், வடிவம் பளிச்சென்று பிரிந்து நிற்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், குறிப்பாக மரம் வெளிர் நிறமாக இருந்தால். பைன், பர்ச் மாதிரி வெளிர் மரமும் வெளிச்சமான அறையைக் காட்டும் கண்ணாடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது மரம் எது திறப்பு என்று தூரத்திலிருந்து பிடிபடாது. அடர் நிற மரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, எவ்வளவு பெரிய திறப்பு. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பாதிக்கு மேல் கறுப்பு அட்டை மாதிரிப் பின்னணிக்காக வரைந்தவை, அவற்றில் தலைமுடி அளவுக் கோடுகள் நிறைய இருக்கும். கறுப்பின் மேல் அவை அருமையாக இருக்கும். கண்ணாடியின் மேல் வைத்தால் காணாமல் போய்விடும். கணக்கு எளிது. 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பலகையில் 6 மில்லிமீட்டர் அகலத் திறப்பு இருக்கிறது என்று வையுங்கள். நேர் பார்வையிலிருந்து 45 டிகிரி சாய்வில் நின்று பார்த்தால் உங்கள் பார்வை எதிர்ச் சுவரில்தான் முட்டும், கண்ணாடியைத் தொடவே தொடாது. 30 டிகிரி சாய்வில் கண்ணாடி தெரியும், ஆனால் அங்கே பட்ட பார்வை திரும்பி வெளியே வந்து அறையைக் காட்ட வேண்டுமே, அதற்குக் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். அதைவிடக் குறுகலாக இருந்தால் கண்ணாடி காட்டுவது மரச் சுவரைத்தான், கண்ணுக்கு அது மங்கலான பழுப்புக் கோடு. அதே கணக்கை 3 மில்லிமீட்டர் பலகைக்குப் போட்டால் ஐந்தரை மில்லிமீட்டர் போதும். ஆகவே கண்ணாடிக்கு மெல்லிய பலகை, அகலமான திறப்பு. பூ இதழ், இலை, இறகு, நிலா, கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் வானம் இதெல்லாம் கண்ணாடிக்கு ஏற்ற இடங்கள். முக பாவனை, கண் இமை, சேலை மடிப்பு போன்ற நுணுக்கங்கள் நிறைந்த உருவப்படத்தைக் கண்ணாடியில் செய்யாதீர்கள், அவை கறுப்பு அட்டைக்குப் பிறந்தவை. தவிர, மகாத்மா காந்தி படத்தின் கன்னத்தில் நம்முடைய சோஃபா தெரிந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

தமிழ் எழுத்து அறுக்கிறவர்களுக்குக் கண்ணாடி ஒரு பெரிய உதவி செய்கிறது, இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. ‘வணக்கம்’ என்று மரத்தில் எழுத்தாக நிற்கும்படி அறுக்கிறீர்கள். எழுத்துகளை மேலே ஒரு பட்டையோடு, கீழே ஒரு பட்டையோடு சேர்த்துவிடலாம். ஆனால் க், ம் இரண்டின் மேலும் இருக்கும் புள்ளி? அது தனித் தீவு, எதோடும் ஒட்டாமல் விழுந்துவிடும். வழக்கமாக இதற்காக ஒரு மெல்லிய பாலம் வரைவார்கள், அது எழுத்தைக் கெடுக்கும். பின்னால் கண்ணாடி இருந்தால் புள்ளியைத் தனியாக வட்டமாக அறுத்து நேரே கண்ணாடி மேல் ஒட்டிவிடலாம், அந்தரத்தில் நிற்பது போல இருக்கும். எழுத்தையே திறப்பாக அறுத்தாலும் இதே வழிதான்: அ, ழ, ண போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டுகள் விழுந்துவிடும், அவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஒட்ட வேண்டும். சிக்குக் கோலம் இன்னும் பொருத்தம். கம்பி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதால் கோலம் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும், புள்ளிகளை மட்டும் தனித்தனியாக ஒட்டினால் போதும். கம்பிக்கு 4 மில்லிமீட்டர் அகலமாவது விடுங்கள், அதற்குக் கீழே போனால் பிளைவுட்டின் ஒரு அடுக்கு பெயர்ந்தாலே கோடு உடைந்துவிடும். புள்ளிகளை ஒட்டும் முன் கோலத் தாளைக் கண்ணாடி மேல் வைத்து இடம் குறிக்காதீர்கள், அறுத்த பலகையைக் கண்ணாடி மேல் பொருத்திவிட்டு, கண்பார்வைக்குச் சரியாக நடுவில் இடுக்கியால் இறக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பிம்பம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது எந்தக் கண்ணாடி என்ற கேள்வி. உண்மையான கிளாஸ் கண்ணாடி, அக்ரிலிக் கண்ணாடி என்று இரண்டு இருக்கின்றன. கிளாஸ் கண்ணாடியில் பிம்பம் நேராக, தெளிவாக இருக்கும், எளிதில் கீறல் விழாது. ஆனால் கனம். ஏ4 தாள் அளவு, 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கிட்டத்தட்ட 470 கிராம் வரும். அதே அளவு அக்ரிலிக் 220 கிராம்தான். கிளாஸை நேர்கோட்டில் வெட்டுவது சுலபம், கண்ணாடிக் கடையில் அளவு சொன்னால் வெட்டி ஓரத்தையும் தேய்த்துக் கொடுப்பார்கள். ஆனால் மயில் வடிவத்துக்கு வளைத்து வெட்டித் தாருங்கள் என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். வெளி ஓரமே வளைந்து நெளிந்து போகிற வேலை என்றால் அக்ரிலிக்தான், அதை நம் ஸ்க்ரோல் சாவிலேயே அறுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: வேகமாக ஓட்டினால் சூட்டில் அக்ரிலிக் உருகி, பிளேடு போன வழியிலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். வேகத்தைக் குறையுங்கள், 5 அல்லது 7 எண் பிளேடு போடுங்கள், பாதுகாப்புப் படலத்தை உரிக்காமல் அதன் மேலேயே பார்சல் ஒட்டும் டேப்பை ஒட்டி அறுங்கள். அந்த டேப் பிளேடின் உராய்வைக் குறைக்கிறது.

அக்ரிலிக்குக்கு இன்னொரு குணம், வளையும். 1 மில்லிமீட்டர் தகடு என்றால் முகம் கோணலாகத் தெரியும், அதனால் 3 மில்லிமீட்டர் வாங்கித் தட்டையான பலகைமேல் வைக்கவும். துடைக்கும்போது ஜன்னல் துடைக்கும் அம்மோனியா திரவம், ஆல்கஹால் எதுவும் படக்கூடாது, நாளடைவில் மயிரிழை வெடிப்புகள் வரும். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய மைக்ரோஃபைபர் துணி போதும். பூஜை அறையில் விளக்குக்குப் பின்னால் வைக்கிற வேலை என்றால் மட்டும் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே அது இளக ஆரம்பிக்கும், தீயும் பிடிக்கும். அங்கே கிளாஸ்தான், சுடர் மரத்தையும் எட்டாத தூரத்தில்.

சிங்கப்பூரில் பொருள் தேடுவது பெரிய பாடு இல்லை. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கத்துக் கலைப்பொருள் கடைகளில் மெல்லிய பிளைவுட்டும் அக்ரிலிக்கும் கேட்டுப் பாருங்கள், மரம் வேண்டும் என்றால் சுங்கை காடுட் பக்கம் மரக் கிடங்குகள் இருக்கின்றன. பழக ஆரம்பிக்கிறவர்கள் டைசோ கடையில் ஒரு சின்னக் கண்ணாடி வாங்கி அதற்கு ஏற்ற அளவில் பலகையை அறுப்பது நல்லது, கண்ணாடி வெட்டும் வேலையே மிச்சம். வெளிநாட்டிலிருந்து ஸ்க்ரோல் சா வரவழைப்பவர்கள் 230 வோல்ட் இயந்திரமா என்று பார்த்து வாங்குங்கள், அமெரிக்கச் சந்தைக்கானது 120 வோல்ட்.

ஒட்டுவதுதான் பலரும் அவசரப்படும் இடம். கண்ணாடியை ஒட்டியபின் உள்ளே தூசி தெரிந்தால் எடுத்துத் துடைக்க முடியாது. வார்னிஷ் அல்லது எண்ணெய் முழுவதும் காய்ந்து, மூக்கருகே கொண்டுபோனால் வாடையே இல்லை என்ற நிலை வந்தபிறகுதான் மூட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆவி கண்ணாடியில் பனி மாதிரிப் படியும். சூப்பர் குளூவும் வெள்ளைப் புகை போலப் படியும், அதைக் கண்ணாடி அருகே கொண்டுவராதீர்கள். சிலிக்கோன் நல்லது, ஆனால் டியூபைத் திறந்ததும் காடி வாடை அடிக்கிற வகை வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமிலம் கண்ணாடியின் பின்பூச்சை அரித்து ரசத்தைக் கெடுக்கும். பழைய காலத்தில் தகரமும் பாதரசமும் கலந்து பூசினார்கள். 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார், இன்றும் நல்ல கிளாஸ் கண்ணாடிகளில் இருப்பது அந்த வெள்ளிப் படலமும் அதைக் காக்கும் பெயின்டும்தான். அக்ரிலிக்கில் அலுமினியம். இரண்டுமே மிக மெல்லியவை, பின்பக்கத்தைக் கீறினால் முன்பக்கத்தில் ஓட்டை தெரியும். நியூட்ரல் சிலிக்கோன் அல்லது கண்ணாடிக்கென்றே விற்கும் பசை என்று கேட்டு வாங்குங்கள்.

அதைவிட நல்லது ஒட்டாமலே வைப்பது. இதற்குக் காரணம் நம்ம ஊர்க் காற்று. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல், ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறையில் இரவெல்லாம் ஏர்கான் ஓடும்போது காற்று காய்ந்துவிடும். முழு மரப் பலகை ஈரத்தில் குறுக்குவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கண்ணாடி அசையாது. இரண்டையும் சுற்றிலும் இறுக்கி ஒட்டிவிட்டால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், பெரும்பாலும் அறுத்த பலகையின் மெல்லிய இடம்தான் விரிசல் விடும். ஆகவே பலகைக்குப் பின்னால் ஒரு சட்டம் அடித்து, கண்ணாடியை அதற்குள் நாலு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டு வைத்து, அதன் பின்னால் மெல்லிய அட்டைப் பலகை வைத்துச் சின்னத் திருகாணிகளால் பிடித்துவிடுங்கள். கண்ணாடியை எப்போது வேண்டுமானாலும் கழற்றித் துடைக்கலாம், உடைந்தாலும் மாற்றலாம். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் உப்புவது மிகக் குறைவு, அதை நடுநடுவே சிலிக்கோன் பொட்டு வைத்து ஒட்டினாலும் தாங்கும். பொட்டை ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள், அழுத்தும்போது பரவினால் அதுவும் பிம்பத்தில் தெரியும். குளியலறைப் பக்கம் மாட்டுவதாக இருந்தால் கிளாஸ் கண்ணாடியின் வெட்டின ஓரங்களில் தெளிவான வார்னிஷ் ஒரு கை பூசிவிடுங்கள், ஈரம் ஓரம் வழியாகத்தான் உள்ளே புகுந்து கறுப்புக் கறையாகப் படரும்.

கடைசியாக, எங்கே மாட்டுவது. இதை முடிவு செய்துவிட்டு வேலையை ஆரம்பித்தால் இன்னும் நல்லது. அறுக்கும் முன் ஒரு சாதாரணக் கண்ணாடியை அந்தச் சுவரில் பிடித்துக்கொண்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள், அதில் தெரிவதுதான் உங்கள் வேலையின் பின்னணி நிறம். துணி காயப்போட்ட மூங்கில் கழிகள் தெரிகின்றனவா, அடுத்த புளோக்கின் வெள்ளைச் சுவரா, செடிகளா? பச்சைச் செடி தெரிந்தால் இலை வடிவத் திறப்புகள் பச்சையாகவே நிறையும், அந்த அழகுக்கு ஈடு கிடையாது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம், சாயங்கால வெயில் திரும்பிக் கண்ணைக் கூசும்.

வாசலுக்கு வெளியே பெயர்ப்பலகையாக மாட்ட ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். என் அக்காவும் கேட்டார், "தம்பி, கதவுக்குப் பக்கத்துல மின்னுற மாதிரி ஒன்னு செஞ்சு குடேன்." நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தாழ்வாரத்தில் எதிர் வீட்டுக் கதவைப் பார்த்துக் கண்ணாடி மாட்டினால், ஃபெங் சுவேய் நம்பிக்கை உள்ள சீன அண்டைவீட்டார் அதைக் கெட்டதைத் தங்கள் பக்கம் திருப்பிவிடுவதாக எடுத்துக்கொள்வார்கள், பல வருடப் பழக்கம் கசந்துபோக இது போதும். வெளியே மாட்டுவதற்குக் கறுப்பு அக்ரிலிக்கோ பித்தளை நிறத் தகடோ வைத்து அதே எழுத்தை அறுங்கள். கண்ணாடி வைத்ததை வீட்டுக்குள்ளே, காலணி அலமாரிக்கு மேலே மாட்டலாம், வெளியே போகும் முன் முகம் பார்க்கவும் ஆகும். அக்காவுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன், ‘நல்வரவு’ என்று, பின்பக்கம் கறுப்பு பூசி, 3 மில்லிமீட்டர் பர்ச் பிளைவுட்டில். அந்தச் சொல்லில் புள்ளி என்ற பேச்சுக்கு ல் ஒன்றுதான், அதை மட்டும் தனியாக ஒட்டினேன்.

முழுச் சட்டமும் கண்ணாடியும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல் போனால் ஒட்டும் பட்டைகளை நம்பாதீர்கள், வீவக வீட்டுக் கான்கிரீட் சுவரில் துளை போட்டு பிளக் வைத்துத் திருகாணியில் மாட்டுங்கள். அதற்கும் கீழே என்றால் பட்டையின் உறையில் எழுதியிருக்கும் எடைக் கணக்கைப் பார்த்து, அதைவிட ஒரு ஜோடி கூடுதலாகவே ஒட்டுங்கள்.